கப்பல் பிரிட்ஜுக்கு எந்தக் கணினி? நான்கு விலைப்புள்ளிகளை எடைபோடும் முறை

பல்லார்ட் எஸ்டேட்டிலும் பேலாப்பூரிலும் உள்ள கப்பல் நிறுவன அலுவலகங்களில் தொழில்நுட்பக் கண்காணிப்பாளர்களாகவும் கொள்முதல் அலுவலர்களாகவும் பணிபுரியும் நம்மவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் கேள்வி இது: கப்பலை இயக்கும் மேலறையான பிரிட்ஜில் பழுதாகிப்போன கணினிக்குப் பதிலாக எதை வாங்குவது? மேசையில் பெரும்பாலும் நான்கு விலைப்புள்ளிகள் இருக்கும். லேமிங்டன் சாலைக் கடையிலிருந்து வந்த சாதாரண மினி கணினி ஒன்று; தொழிற்சாலைகளுக்கென்று செய்யப்பட்ட, விசிறியில்லாத பெட்டிக் கணினி ஒன்று; பார்ப்பதற்கு அதே போலிருந்தாலும் கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டு நிறுவனத்தின் டைப் அப்ரூவல் (மாதிரி ஒப்புதல்) சான்றிதழோடு வரும் பெட்டிக் கணினி ஒன்று; திரையும் கணினியும் ஒரே உடலில் அமைந்த கடல்சார் பேனல் கணினி ஒன்று. முதலாவதற்கும் கடைசியானதற்கும் விலையில் பல மடங்கு வேறுபாடு உண்டு. எந்த வேலைக்கு, கருவிகள் பொருத்தப்பட்ட மேசையான கன்சோலின் எந்த இடத்தில், எந்த மின்சாரத்தில் அந்தக் கணினி ஓடப்போகிறது என்ற மூன்றையும் முடிவுசெய்துவிட்டால் தேர்வு ஏறக்குறைய தானாகவே அமைந்துவிடும் என்பதே என் கருத்து. செயலியின் வேகமும் நினைவகத்தின் அளவும் அதன் பிறகு பார்க்க வேண்டியவை.

முதலில் வேலை. மின்னணுக் கடல்வரைபட அமைப்பான எக்டிஸ் வெறும் மென்பொருள் அல்ல. மென்பொருளும், அது ஓடும் கணினியும், அதன் திரையும் சேர்ந்தே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 61174 தரத்தின்படி சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெறுகின்றன. ஆகவே எக்டிஸ் கணினி பழுதானால், அந்தத் தயாரிப்பாளரின் ஒப்புதல் பட்டியலில் உள்ள கணினியைத்தான் வைக்க முடியும். அதைவிட வலுவான, அதைவிட விலையுயர்ந்த வேறொன்றை வைத்தாலும் ஒப்புதல் செல்லாது. ரேடாருக்கும் பயணத் தரவுப் பதிவுக் கருவிக்கும் இதே நிலைதான். 3,000 மொத்த டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்களில் எக்டிஸ் வைக்கும்படி, கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸின் விதி கட்டாயப்படுத்துவதில்லை என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மைதான், ஆனால் காகித வரைபடத்தைக் கைவிட்டு எக்டிஸை மட்டும் நம்பி ஓடும் கப்பலில், அளவு எதுவாக இருந்தாலும், ஒப்புதல் பெற்ற கருவியும் அதற்கு மாற்று ஏற்பாடும் இருந்தே ஆகவேண்டும்.

நமக்கு உண்மையில் தேர்வுரிமை இருப்பது எஞ்சிய வேலைகளில்தான்: பயணத் திட்டமிடலுக்கான கணினி, வேகம், திசை, காற்று, ஆழம் போன்றவற்றை ஒரே திரையில் காட்டும் கானிங் காட்சி, கண்காணிப்புக் கேமரா, வானிலை, பராமரிப்புப் பதிவேடு. இவை கட்டாயக் கருவிகள் அல்ல என்பதால் எந்தக் கணினியையும் வைக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2002 ஜூலை 1 அன்றோ அதன் பிறகோ கட்டப்பட்ட கப்பல்களில், பிரிட்ஜிலும் அதன் அருகிலும் உள்ள எல்லா மின், மின்னணுக் கருவிகளும் மின்காந்த ஒத்திசைவுக்காக, அதாவது ஒன்றின் மின்காந்த அலைகள் மற்றொன்றைக் குலைக்காமல் இருப்பதற்காக, சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சோலாஸின் ஐந்தாம் அத்தியாயம் 17ஆம் விதி கூறுகிறது. அதில் எக்டிஸ் என்றோ ரேடார் என்றோ வரையறை இல்லை. பராமரிப்புப் பதிவேட்டுக்காக வைத்த கணினியும் அதற்குள் அடங்கும்.

இந்த ஒரு விதியாலேயே சாதாரண மினி கணினி பிரிட்ஜிலிருந்து விலக்கப்பட வேண்டியது. விதியே இல்லாவிட்டாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் விசிறி. பருவமழைக் காலம் முழுக்க வேலை செய்துவிட்டு செப்டம்பரில் இந்திரா டாக்கில் வந்து நிற்கும் ஓர் இழுவைப் படகின் பிரிட்ஜில் இருக்கும் அத்தகைய கணினியைத் திறந்து பார்த்தால் போதும். செயலியின் மேலுள்ள வெப்பத் தகடுகளின் இடைவெளிகள் சாம்பல் நிறப் பஞ்சால் அடைபட்டிருக்கும். விரலால் தொட்டால் அந்தப் பஞ்சு உலர்ந்த தூசியாக உதிராமல் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். விசிறி இதழ்களின் முன்விளிம்பில் வெண்மையான உப்புப் படிவும், யு.எஸ்.பி. துளைகளின் உலோக விளிம்பில் பழுப்புத் துருவும் தெரியும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரப்பதம் அந்த அளவுக்கு மேல்தான் பெரும்பாலும் இருக்கிறது. விசிறி செய்வதெல்லாம், அந்த உப்பை இடைவிடாமல் மின்சுற்றுப் பலகைக்குக் கொண்டுசேர்ப்பதுதான். குளிரூட்டிய அலுவலகத்தில் ஐந்தாண்டு உழைக்கும் அதே கணினி பிரிட்ஜில் சீக்கிரமே கெட்டுப்போவதற்குக் காரணம் தயாரிப்புக் குறை அல்ல. அது இந்தக் காற்றுக்காகச் செய்யப்படவில்லை.

அடுத்த ஒப்பீடுதான் பலரையும் குழப்புவது. தொழிற்சாலைப் பெட்டிக் கணினியும் கடல்சார் பெட்டிக் கணினியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்: அலுமினிய உடல், மேலே துடுப்புகள் போன்ற வெப்பத் தகடுகள், ஒரு பக்கத்தில் வரிசையாகத் தொடர் முனைகள் (சீரியல் போர்ட்டுகள்). உள்ளே உள்ள செயலியும் பல வேளைகளில் ஒன்றேதான். வேறுபாடு சோதனையில் இருக்கிறது. பிரிட்ஜ் கருவிகளுக்கான பொதுத் தரமான ஐ.இ.சி. 60945, வகைப்பாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாக்ஸின் யு.ஆர். ஈ10 ஆகிய இரண்டும் 2 முதல் 13.2 ஹெர்ட்ஸ் வரை ஒரு மில்லிமீட்டர் வீச்சிலும், அதற்கு மேல் 100 ஹெர்ட்ஸ் வரை 0.7 ஜி முடுக்கத்திலும் கருவியை அதிரவைத்துப் பார்க்கின்றன; வெப்பம், ஈரவெப்பம், மின்னழுத்த ஏற்ற இறக்கம் ஆகியவற்றையும் சோதிக்கின்றன. ராணுவத் தரமான மில்-எஸ்.டி.டி. 810இன்படி சோதிக்கப்பட்டது என்று விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது நல்ல தகுதிதான், ஆனால் கப்பலை ஆய்வு செய்யும் சர்வேயர் கேட்கும் சான்றிதழ் அதுவல்ல. "கடல்சார் தரத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது" என்ற வாசகமும் சான்றிதழ் ஆகாது.

சான்றிதழ் கையில் இருந்தாலும் அதைப் படிக்க வேண்டும். நார்வேயின் வகைப்பாட்டு நிறுவனமான டி.என்.வி.யின் சான்றிதழில் மின்காந்த ஒத்திசைவுக்கு ஏ, பி என்று இரண்டு வகுப்புகள் உண்டு. ஏ வகுப்பு பிரிட்ஜும் திறந்த தளமும் தவிர்த்த இடங்களுக்கு, பி வகுப்பு அவற்றையும் சேர்த்து எல்லா இடங்களுக்கும். வெப்பநிலையிலும் ஏ வகுப்பு 55 டிகிரி வரை, பி வகுப்பு 70 டிகிரி வரை. மற்றக் கருவிகளோடு சேர்த்து கன்சோலுக்குள் அடைபடும் கருவிக்குத் தேவையானது இந்த இரண்டாவது. என்ஜின் கட்டுப்பாட்டு அறைக்குச் சரியாக இருக்கும் ஒரு கணினி, முறையான சான்றிதழோடு வந்தும், பிரிட்ஜில் தகுதியற்றதாகிவிடுவது இப்படித்தான். மாதிரி எண்ணும் முழுமையாகப் பொருந்த வேண்டும்: சான்றிதழில் உள்ள செயலி, மின்வழங்கி, விரிவாக்க அட்டை இவற்றில் ஒன்றை விற்பனையாளர் மாற்றிக் கொடுத்திருந்தால் அந்தத் தாள் உங்கள் பெட்டிக்கு உரியதல்ல. பவாயில் தலைமையகம் கொண்ட இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங்கின் கீழ் உங்கள் கப்பல் இருந்தால், வேறு நிறுவனம் தந்த டைப் அப்ரூவலை ஏற்பார்களா என்று ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

மின்காந்த ஒத்திசைவு என்பது வெறும் காகித விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். வி.எச்.எஃப். வானொலியை 16ஆம் சேனலில் வைத்து, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் திருப்பி இரைச்சல் கேட்கும் நிலையில் விட்டுவிட்டு, புதிய கணினியை அதன் மின்வழங்கியோடும் திரையோடும் சேர்த்து இயக்கியும் அணைத்தும் பாருங்கள். இரைச்சலின் தன்மை மாறினாலோ, தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் கணினி ஓடும்போது மறைந்து, அணைத்ததும் திரும்ப வந்தாலோ, அந்தக் கருவி அபாய அழைப்பு வரும் அலைவரிசையையே மூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ளது; ஐ.இ.சி. 60945 தரம் 156 முதல் 165 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு மட்டும் தனியாக, மிகக் கடுமையான கதிர்வீச்சு வரம்பு விதிப்பது இதற்காகவே. பெரும்பாலும் குற்றவாளி கணினியாகக்கூட இருப்பதில்லை. அதோடு வரும் மலிவான அடாப்டர்தான். காந்தத் திசைகாட்டிக்கான பாதுகாப்புத் தொலைவு கருவியின் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அதே தரத்தின் விதி. அந்த எண் இல்லாத பெட்டி பிரிட்ஜுக்கு வரவே கூடாது.

இனி வெப்பம். விசிறியில்லாக் கணினி வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். விசிறியை எடுத்துவிட்டால் வெப்பம் மறைந்துவிடுவதில்லை. செயலியிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து கன்சோலுக்குள் இருக்கும் காற்றுக்கும் போகிறது. அந்தக் காற்று வெளியே போக வழியில்லை என்றால் கன்சோலே சூடேறும். தொழில்நுட்பத் தாளில் "70 டிகிரி வரை இயங்கும்" என்று இருக்கும் வரியின் அடியில், சிறிய எழுத்தில், "நொடிக்கு 0.7 மீட்டர் காற்றோட்டத்தில்" என்ற நிபந்தனையைப் பல தயாரிப்புகளில் காணலாம். விசிறியில்லாத கணினியை வெளியிலிருந்து காற்று வீசவைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். மூடிய கன்சோலில் அந்தக் காற்று எங்கிருந்து வரும்? வேறு சில தாள்களில் 15 வாட் செயலிக்கு 70 டிகிரி, 35 வாட் செயலிக்கு 50 அல்லது 60 டிகிரி என்று தனித்தனியாக இருக்கும். விற்பனையாளர் முதல் எண்ணைச் சொல்லி இரண்டாவது செயலியை விற்பார். கானிங் காட்சிக்கும் பதிவேட்டுக்கும் 15 வாட் செயலி தாராளமாகப் போதும். அதிக வேகச் செயலி, வெப்பம் ஏறியதும் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொண்டு, மே மாதப் பிற்பகலில் அந்தச் சிறிய செயலியைவிடக் குறைவாகத்தான் வேலை செய்யும்.

ஆகவே ஆர்டர் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது, ஒரு சாதாரண வெப்பமானியை கன்சோலுக்குள், கணினி அமரவிருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டு, ஏப்ரலிலோ மேயிலோ நண்பகலிலிருந்து மாலை வரை எல்லாக் கருவிகளும் ஓடும் நிலையில் அளவெடுப்பது. துறைமுகத்தில் குளிரூட்டி நின்றுபோகும் நேரத்தையும் அந்த அளவீட்டில் சேர்க்க வேண்டும். பிறகு பெட்டியைப் பொருத்தும் திசை. வெப்பத் தகடுகள் செங்குத்தாக நின்றால் சூடான காற்று தானாக மேலே எழும். ஒட்டுப்பலகையின் மேல் தகடுகள் கீழே பார்க்கக் கவிழ்த்துத் திருகிவிட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கணினியும் வேகும். கன்சோலின் அடியிலும் மேல்பகுதியின் பின்புறத்திலும் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா, கம்பிக் கட்டுகள் அவற்றை அடைத்திருக்கின்றனவா என்று கைவிளக்கு வைத்துப் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு; கணினியின் ஆயுளை நிர்ணயிப்பதில் இந்த ஒரு மணிநேர வேலைக்கு, விலைப்புள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்குச் சற்றும் குறையாத பங்கு உண்டு.

பெட்டியா பேனலா என்ற கேள்விக்கு வருவோம். பேனல் கணினி இடத்தை மிச்சப்படுத்துகிறது, கம்பிகளைக் குறைக்கிறது, பிரிட்ஜின் இருபுறமும் நீளும் சிறகுகளில் குறுகலான இடத்தில் பொருத்த வேறு வழியே இல்லாமலும் போகலாம். ஆனால் திரையின் பின்னொளி, கணினி இரண்டும் ஒரே உடலுக்குள் ஒன்றையொன்று சூடாக்குகின்றன. கண்ணாடி வழியே விழும் வெயிலும் அதே உடலின் மேல்தான் விழுகிறது. ஒன்று கெட்டால் இரண்டும் போகும், அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய, சுங்கத்தில் காத்திருக்க வேண்டிய ஒன்றாக. தனித் திரையும் தனிப் பெட்டியும் இருந்தால், பெட்டி ஒருபுறம் நிழலில் இருக்கும். திரை கெட்டால் திரையை மட்டும் மாற்றலாம். எப்படியிருந்தாலும் திரை கடல்சார் திரையாகத்தான் இருக்க வேண்டும். அலுவலகத் திரையின் ஒளியை எவ்வளவு குறைத்தாலும் நள்ளிரவுக் காவலில் இருப்பவரின் கண்ணை அது கூசவைக்கும். இருளுக்குப் பழகிய கண் மீண்டும் பழக அரை மணி நேரம் வரை ஆகலாம், மும்பைக்கு வெளியே விளக்கில்லாத மீன்பிடிப் படகுகள் நிறைந்த நீரில் அந்த அரை மணி நேரம் மிக நீண்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே திரையில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்சாரத்தில் என் விருப்பம் 24 வோல்ட் நேர்மின்சாரம். தரம் எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம் கூட்டலில் 30 சதவீதம், குறைவில் 10 சதவீதம். 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும், வெளிச்சுற்றோடு நேரடி மின்தொடர்பில்லாத, அதாவது மின்தனிமை கொண்ட, உள்ளீடு இருந்தால் அது எளிதில் அடங்கிவிடும். கப்பலின் முன்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும் பௌ திரஸ்டரை இயக்கும் நொடியில் விளக்கு மங்குவதைப் பார்த்தவர்களுக்கு மாறுமின்சார அடாப்டர் ஏன் வேண்டாம் என்பது தெரிந்திருக்கும். அடாப்டரின் வட்டச் செருகி அதிர்வில் மெல்ல நழுவி வெளியே வருவது இன்னொரு தொல்லை. திருகிப் பூட்டும் முனை கொண்ட பெட்டியையே கேளுங்கள். எக்டிஸைப் பொறுத்தவரை, மின்வழங்கல் மாறும்போதோ 45 நொடி வரை தடைபடும்போதோ கருவியைக் கையால் மறுபடி தொடங்க வேண்டிய நிலை வரக் கூடாது என்பது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் செயல்திறன் விதி. மற்றக் கணினிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், மின்தடையின்போது எழுதிக்கொண்டிருந்த தரவைக் காக்கும் மின்தேக்கிகள் கொண்ட தொழில்தர எஸ்.எஸ்.டி.யைக் குறிப்பிட்டு வாங்குங்கள், சாதாரண எஸ்.எஸ்.டி. திடீர் மின்தடையில் இயங்குதளத்தையே இழந்துவிடக் கூடும்.

தொடர் முனைகளை விலைப்புள்ளியில் யாரும் கவனிப்பதில்லை. ஜி.பி.எஸ்., திசைகாட்டும் கைரோ, ஆழமானி ஆகியவை 4,800 பாட் வேகத்திலும், கப்பல்களை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். 38,400 பாட் வேகத்திலும் கப்பல் கருவிகளின் தரவுத் தரமான ஐ.இ.சி. 61162 வரியில் பேசுகின்றன. கேட்கும் முனை மின்தனிமை கொண்டதாக இருக்க வேண்டும். கடல்சார் பெட்டிகளில் இது உள்ளேயே வருகிறது. தொழிற்சாலைப் பெட்டியில் பெரும்பாலும் யு.எஸ்.பி. மாற்றி போட்டுச் சமாளிப்பார்கள். அது வேறு துளைக்கு மாறினால் முனையின் எண்ணும் மாறி, கானிங் திரையில் நிலை காட்டுவது நின்றுபோகும். தொடர் முனையில் வரும் ஜி.பி.எஸ். தரவை விண்டோஸ் பழைய வகை மவுஸ் என்று எண்ணிக்கொண்டு திரையில் சுட்டியைத் தாறுமாறாக ஓடவிடுவதும் உண்டு. சாதன மேலாளரில் அந்த மவுஸை முடக்கினால் சரியாகிவிடும். கப்பலின் மின்தொழில்நுட்ப அலுவலர்களான இ.டி.ஓ.க்கள் இதற்காகக் கணினியையே மாற்றச் சொல்லி எழுதுவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம்.

இயங்குதளத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. விண்டோஸ் 10இன் சாதாரணப் பதிப்புகளுக்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, நீண்டகால ஆதரவு கொண்ட ஐ.ஓ.டி. என்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை உண்டு. 2024 ஜூலை 1 முதல் கட்டுமான ஒப்பந்தமான புதுக் கப்பல்களுக்கு ஐயாக்ஸின் ஈ26, ஈ27 இணையப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். பழைய கப்பலிலும் பயன்படாத யு.எஸ்.பி. துளைகளைப் பூட்டிவிடுவது நல்லது. எக்டிஸ் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: புதிய கடல்வரைபடத் தரவுத் தரமான எஸ்-100இன்படி அமைந்த எக்டிஸ் 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, 2029 ஜனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தப்படுபவை அதன்படியே இருக்க வேண்டும், இப்போது வாங்கும் பெட்டியிலேயே அந்த மென்பொருள் ஓடுமா, அதற்கு ஒப்புதல் பெறும் திட்டம் உண்டா என்பதைத் தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டும்.

மும்பை ஹை எண்ணெய் வயலுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் ஒரு கப்பலை எடுத்துக்கொண்டால், என் பரிந்துரை இப்படி அமையும். எக்டிஸ் இரண்டுக்கும் அதன் தயாரிப்பாளரின் பெட்டியே. அதில் பேரம் விலையில் மட்டும். கானிங் காட்சிக்கும் பயணத் திட்டமிடலுக்கும் டைப் அப்ரூவல் பெற்ற, 15 வாட் செயலி கொண்ட இரண்டு பெட்டிக் கணினிகள். தைவானின் மோக்ஸா, நார்வேயின் ஹாட்டலாண்ட் போன்ற நிறுவனங்கள் இவ்வகையைச் செய்கின்றன. இரண்டும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பேனல் கணினி, சிறகில் காட்சி வேண்டும் என்று கேப்டன் கேட்டால் மட்டும். சான்றிதழில்லாத தொழிற்சாலைப் பெட்டிக்கும் கப்பலில் இடம் உண்டு: கப்பல் அலுவலகத்தில், பிரிட்ஜிலிருந்து தள்ளி, கேமராப் பதிவுக்கு. சாதாரண மினி கணினி மாலுமிகளின் பொழுதுபோக்கு அறைக்குப் போகட்டும்.

விலையைப் பற்றிய முறையீடு வரும். மும்பை ஹை கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பழுதுபார்ப்பவரை அங்கே அனுப்ப, ஜுஹுவிலிருந்து ஹெலிகாப்டரில் இடம் கிடைக்க வேண்டும் அல்லது பணியாளர் படகுக்குக் காத்திருக்க வேண்டும், இரண்டும் வானிலையைப் பொறுத்தவை. வாடகைக்கு எடுத்தவர் கப்பலைப் பணியிலிருந்து நிறுத்தினால் ஒரே நாள் வாடகை இழப்பு இரண்டு பெட்டிகளின் விலை வேறுபாட்டை விழுங்கிவிடும். இந்தக் கணக்கை உங்கள் கப்பலின் சொந்த வாடகை எண்ணை வைத்து ஒரு தாளில் போட்டு விலைப்புள்ளிகளோடு இணைத்து அனுப்புங்கள். நிதிப் பிரிவுக்கு அந்தத் தாள்தான் புரியும்.

பொருத்தி முடித்து, எல்லாத் தரவும் சரியாக வருகிறது என்று சீஃப் ஆபீசர் கையெழுத்திட்ட அன்றே, எஸ்.எஸ்.டி.யை முழுமையாக நகலெடுத்து, ஈரம் புகாத உறையில் போட்டு, தேதியும் கணினியின் வரிசை எண்ணும் எழுதிக் கப்பலிலேயே வைத்துவிடுங்கள். இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி வேண்டும் என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான்: ஒன்று நின்றுபோனால் மற்றொன்றில் இந்த நகலைச் செருகி, துறைமுகம் வரும்வரை இ.டி.ஓ. ஓட்டிவிடலாம். மென்பொருளின் உரிமம் வன்பொருள் எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தால் நகல் ஓடாது என்பதால், இதை ஆர்டர் கொடுக்கும் கட்டத்திலேயே விற்பனையாளரிடம் பேசி, மாற்றுக் கணினிக்கான உரிமத்தையும் விலைப்புள்ளியில் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.